கையில் இருக்கும் தொழிலுக்குச் சான்றிதழ்: வன்னியில் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு

சனிக்கிழமைகளில் எங்கள் சனசமூக நிலையத்தில் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பையோடு வருவார்கள். அடையாள அட்டைப் பிரதி, மடிப்பில் கிழிந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், எப்போதோ போன மூன்று நாள் பயிற்சியின் சான்றிதழ் என்று அதற்குள் சில தாள்கள் இருக்கும். "படிப்பு என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அரை மணி நேரம் கதைத்தால், தண்ணீர் இறைக்கும் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்பவர் என்றோ, அளவுச் சட்டையைப் பார்த்த மாத்திரத்தில் துணியை வெட்டுபவர் என்றோ தெரியவரும். 2009இல் போர் முடிவதற்கு முன்னர் அவர்களிடம் இருந்த தாள்கள் இடம்பெயர்ந்த வழியெல்லாம் சிதறிப் போயின. மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது பலரிடம் உடுத்திருந்த உடுப்பைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

அப்படிப்பட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வேலை செய்து கற்றதற்கு அரசாங்கம் ஏற்கும் சான்றிதழ் பெறலாம். அதைப் பிடித்துக்கொண்டு டிப்ளோமா, பட்டம் வரைக்கும் ஏறலாம். வழி நீளமானது. ஆனால் திறந்திருக்கிறது.

எதற்குச் சான்றிதழ் கிடைக்கிறது

வேலைத்தளத்தில் கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறைக்கு முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். அலுவலகத்திலும் ஊரிலும் அதை ஆர்.பி.எல். என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கிடைப்பது என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ். பயிற்சி நிலையத்தில் இருந்து படித்தவருக்கும் ஆர்.பி.எல். வழியாக வந்தவருக்கும் ஒரே தகைமைதான். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதற்குப் பொறுப்பு.

முதலே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் மனம் நொந்து திரும்புகிறார்கள். எத்தனை வருடம் வேலை செய்தீர்கள் என்பதற்கு இந்த முறையில் தனிப் புள்ளி கிடையாது. அந்த வருடங்களில் என்ன கற்றீர்கள், அதை இன்று செய்துகாட்ட முடியுமா என்பதே கேள்வி. இருபத்தைந்து வருட அனுபவத்தைச் சொல்லிவிட்டு, செய்துகாட்டச் சொன்னதும் கோபப்படுகிற மூத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த விதி நமக்காக மட்டும் ஏற்பட்டது அல்ல.

அமெரிக்காவைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் இருந்து திரும்பிய படையினர் 1944ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் உதவியோடு இலட்சக்கணக்கில் கல்லூரிகளில் சேர்ந்தார்கள். படையில் வானொலி திருத்தவும் வரைபடம் வாசிக்கவும் கற்ற ஒருவர் அதையே வகுப்பில் மறுபடியும் ஏன் படிக்கவேண்டும் என்ற கேள்வி அப்போது எழுந்தது. அமெரிக்கக் கல்விப் பேரவை என்ற அமைப்பு படைப்பயிற்சிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எந்தப் பயிற்சிக்கு எந்தப் பாடத்தில் எத்தனை கிரெடிட் (கற்றலை அளக்கும் அலகு) கொடுக்கலாம் என்று பரிந்துரைக்கத் தொடங்கியது. அந்த வேலை இன்றும் நடக்கிறது. தரைப்படையிலும் கடற்படையிலும் இருப்பவர்களின் பயிற்சிகள் ஒரே பதிவேட்டில் ஏறிவிடும். அதைக் கல்லூரிக்கு அனுப்பி கிரெடிட் கேட்பார்கள். பேரவை பரிந்துரைக்க மட்டுமே செய்யும். ஏற்பதும் விடுவதும் கல்லூரியின் பொறுப்பு. அங்கும் சேவையில் கழித்த காலம் கணக்கில் வருவதில்லை. கற்ற பாடம்தான் வருகிறது.

நமக்கு அப்படி ஒரு பதிவேட்டை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே அதை நாமே எழுதவேண்டும். ஆர்.பி.எல். வேலையில் பாதி அதுதான்.

என்.வி.கியூ.வில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். மட்டம் 2 என்றால் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் செய்பவர். 3 என்றால் இடையிடையே பார்த்துக்கொண்டால் போதும். 4 என்றால் வேலையைக் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போகலாம். தொழில் தெரிந்த பெரும்பாலானோர் 3க்கோ 4க்கோ உரியவர்கள். மேலே படிக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் 4ஐயே குறிவையுங்கள். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

வேலையின் பெயரை விட்டு, வேலையைப் பிரியுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, உங்கள் ஒரு நாள் வேலையைக் காலையில் இருந்து மாலை வரைக்கும் எழுதுங்கள். இது என் சொந்த முறை. எந்தப் படிவமும் இதைக் கேட்பதில்லை. ஆனால் இதைச் செய்யாமல் படிவத்தில் கை வைக்கவேண்டாம்.

முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு நாள் வந்தார். "மண்ணைச் சுரண்டுகிற வேலை அண்ணை, இதற்கு என்ன சான்றிதழ்?" என்றார். எழுதச் சொன்னேன். விடியற்காலையில் வாகனம் ஏறுவது, கருவியைச் சோதிப்பது, ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் இருந்து ஒவ்வொரு அங்குலமாக முன்னேறுவது, சிவப்புத் தலைக் கட்டை நடுவது, அன்றன்று துப்புரவாக்கிய நிலத்தை அளந்து பதிவது என்று ஒரு பக்கம் நிரம்பியது. அடுத்த பக்கத்தில், தான் குழுவின் முதலுதவியாளர் என்பதைச் சாதாரணமாக எழுதியிருந்தார். இரத்தப்போக்கை நிறுத்தக் கட்டுப்போடுவது, தூக்குப்படுக்கையில் ஆளை ஏற்றுவது, வானொலியில் தகவல் சொல்வது எல்லாம் அவருக்குத் தெரியும். அதற்காக ஆண்டுதோறும் பயிற்சியும் எடுத்திருக்கிறார். "இதை ஏன் முதலில் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "அது வேலையோடு வருகிறதுதானே" என்றார்.

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் அவர் பராமரிப்பு உதவியாளர் துறையைத் தேர்ந்தார். முதலுதவி மட்டும் அந்தத் தகைமைக்குப் போதாது. நோயாளியைக் குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது போன்ற மீதி அலகுகளையும் (தகைமையின் தனித்தனிப் பகுதிகளையும்) அவர் கற்கவேண்டியிருந்தது. ஆனால் எது கையில் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துகொண்டு போனார்.

கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருப்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்க அதன்படி கிடைத்த பத்தாண்டுக் காலம் 2028 ஜூனில் முடிகிறது. ஹலோ டிரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகளில் வன்னி ஆட்கள் வருடக்கணக்காக வேலை செய்கிறார்கள், அவர்களில் பெண்கள் பலர். நிலம் துப்புரவானால் அந்த வேலையும் முடியும். வேலையில் இருக்கும்போதே பயிற்சிப் பதிவுகளையும் சேவைக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். அமைப்பு மூடிய பிறகு கையெழுத்துக்கு யாரைத் தேடுவீர்கள்? சாரதி, வாகனத் திருத்துநர், பெக்கோ இயந்திரம் ஓட்டுபவர், கணினியில் வரைபடம் ஏற்றுபவர் என்று ஒரே முகாமுக்குள் எத்தனையோ தொழில்கள் இருக்கின்றன. "கண்ணிவெடி அகற்றுபவர்" என்ற ஒரே பெயருக்குள் அவையெல்லாம் மறைந்துபோகின்றன.

சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான். "சி.எஸ்.டி.யில் இருக்கிறேன்" என்று எழுதினால் மதிப்பீட்டாளருக்கு அதில் ஒன்றும் தெரியாது. நாற்றுமேடை போடுகிறீர்களா, சொட்டுநீர்க் குழாய் பொருத்துகிறீர்களா, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வாராந்தத் திட்டம் எழுதுகிறீர்களா என்று எழுதுங்கள்.

போருக்குப் பிறகு முன்னாள் போராளிகள் வைக்கப்பட்டிருந்த புனர்வாழ்வு நிலையங்களில் தையல், தச்சு, மின்னிணைப்பு, வெல்டிங் பயின்று வெளிவந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அந்தச் சான்றிதழைக் காட்டத் தயங்குகிறார்கள். காட்டுவதும் விடுவதும் முழுக்க உங்கள் விருப்பம். மதிப்பீட்டாளர் பார்க்க வருவது உங்கள் தொழிலை. நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது அவருடைய வேலையல்ல. அந்தப் பயிற்சிக்குப் பிறகு ஊரில் செய்த வேலையை மட்டும் வைத்துக்கூட ஒரு நல்ல கோவை, அதாவது சான்றுத் தாள்களின் தொகுப்பு, தயாரிக்கலாம். இன்றைய திறமைதான் பார்க்கப்படுகிறது என்பதால், பழைய சான்றைவிட அண்மைய சான்றுக்குத்தான் பலம் அதிகம்.

கோவை

ஒரு சாதாரண பைல் மட்டை போதும். முதலில் அடையாள ஆவணங்கள். அடையாள அட்டையிலும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முகாமில் அவசரமாகப் பதிந்த காலத்தில் ஆங்கில எழுத்துகள் மாறிய பெயர்கள் ஏராளம். வேறுபாடு இருந்தால் பிரதேச செயலகத்தில் கேட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்திருந்தால் அங்கேயே பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். சாதாரண தரப் பெறுபேறு தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்திடம் மறுபடி பெறலாம். இப்போது இணையம் வழியாகவும் விண்ணப்பிக்க முடிகிறது. சுட்டெண்ணும் வருடமும் தெரிந்திருந்தால் வேலை சுலபம். கூடப் படித்தவர் யாராவது தாளைப் பாதுகாத்து வைத்திருந்தால், அவருடைய சுட்டெண்ணுக்குப் பக்கத்தில் உங்களுடையதைத் தேடிப் பிடிக்கலாம்.

அடுத்தது சேவைக் கடிதம். "இவரை எனக்குத் தெரியும், நல்லவர், கடின உழைப்பாளி" என்று எழுதிய கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. அன்போடு எழுதியவைதான், ஆனால் அவற்றால் பயனில்லை. எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரை, என்ன வேலை, எந்தக் கருவிகளோடு, யாருடைய மேற்பார்வையில் அல்லது மேற்பார்வை இல்லாமல் என்பது கடிதத்தில் இருக்கவேண்டும். கீழே கையெழுத்து, பெயர், தொலைபேசி இலக்கம், முத்திரை இருந்தால் முத்திரை. எழுதத் தெரியாத முதலாளியிடம் வெறுங்கையோடு போகாமல், நீங்களே எழுதிக்கொண்டு போய் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

முதலாளி உயிரோடு இல்லை, அல்லது கடல் கடந்து போய்விட்டார் என்றால்? வன்னியில் இது அபூர்வமான கேள்வி அல்ல. அப்போது வேலையை வாங்கியவர்களிடம் போங்கள். இந்திய வீட்டுத்திட்டத்தின் 50,000 வீடுகளில் பெரும்பங்கு வடக்கிலும் கிழக்கிலும்தான் கட்டப்பட்டது. பெரும்பாலான வீடுகளைப் பயனாளிகளே ஆள் பிடித்துக் கட்டினார்கள். பரந்தனிலும் விசுவமடுவிலும் மாங்குளத்திலும் மேசன்மாரும் ஓடாவிமாரும் அந்த வீடுகளில்தான் கை தேறினார்கள். அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் அங்கேயே குடியிருக்கிறார்கள். "என் வீட்டின் அத்திவாரம் முதல் பூச்சு வரை இவர்தான் செய்தார்" என்று மூன்று வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டுத் தந்து, அந்த வீடுகளின் படங்களும் சேர்ந்தால் அது ஒரு நிறுவனத்தின் கடிதத்துக்குக் குறைந்தது இல்லை. படத்தை வேலை நடக்கும்போது எடுத்தால் இன்னும் நல்லது. கையில் கரண்டியோடு நீங்கள் அதில் தெரியவேண்டும்.

அதுவும் கிடைக்காதவர்கள் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி ஒன்று முடிக்கலாம். கிராம அலுவலர் உங்கள் வசிப்பிடத்தையும் தொழிலையும் உறுதிப்படுத்துவார். உதிரிப்பாகக் கடைப் பற்றுச்சீட்டு, வாடிக்கையாளர் பெயர் எழுதிய தையல் அளவுக் கொப்பி, கராஜில் வைத்திருக்கும் வேலைப் பதிவு எல்லாமே சான்றுதான். தையல் வேலை செய்யும் ஒரு அக்கா பதினொரு அளவுக் கொப்பிகளைக் கட்டிக் கொண்டுவந்தார். அதைவிட நேர்மையான பதிவேடு எந்தக் கல்லூரியிலும் இருக்காது.

தெரியாததைத் தெரியும் என்று எழுதவேண்டாம். செய்துகாட்டச் சொல்லும் நாளில் அது அரை மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும். அதற்குப் பிறகு தெரிந்த வேலையையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

எங்கே கொடுப்பது

உங்கள் மாவட்டத்தின் நைட்டா அலுவலகத்தில். முழுப்பெயர் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை. வி.ரி.ஏ. என்னும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் கேட்கலாம். பஸ் ஏறும் முன் பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவலு அல்லது திறன் அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். துணுக்காயில் இருந்தோ ஒட்டுசுட்டானில் இருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவர், படிவம் முடிந்துவிட்டது என்ற பதிலோடு திரும்பக் கூடாது. அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்தில் தமிழிலும் கேட்கலாம். கட்டணம் தொழிலுக்குத் தொழில் மாறும். ஏதாவது திட்டத்தின் கீழ் இலவசமாகவோ சலுகையாகவோ நடக்கிறதா என்பதையும் கேளுங்கள். விண்ணப்பத்தில் தமிழ் மொழிமூலம் என்று தெளிவாகக் குறியுங்கள்.

வயது போய்விட்டதே என்று யோசிக்கவேண்டாம். இந்த வழியே வயது வந்தவர்களுக்காக ஏற்பட்டதுதான்.

நேர்காணலும் செய்முறையும்

முதலில் ஒரு உரையாடல் நடக்கும். கோவையைப் புரட்டிப் பார்த்து, எந்த மட்டத்துக்கு நீங்கள் தயார் என்று கணிப்பார்கள். தொழிலுக்கான தேசியத் தேர்ச்சி நியமத்தை அப்போது கேட்டு வாங்குங்கள். அந்தத் தொழிலைப் பல அலகுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன செய்துகாட்டவேண்டும் என்று எழுதிய ஆவணம் அது. அதை வாசிக்காமல் செய்முறைக்குப் போவது, பாடத்திட்டம் பார்க்காமல் பரீட்சைக்குப் போவதற்குச் சமம்.

செய்முறை நாளைப் பற்றி ஒருவருடைய அனுபவத்தைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த மேசன் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அவரை ஒரு சுவர் மூலையைக் கட்டிக்காட்டச் சொன்னார்கள். நூல் பிடித்தார், தூக்குக்குண்டு விட்டார், ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்தார். கல் வரிசைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு எழும்பின. மதிப்பீட்டாளர் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டார்: "ஏன் அண்ணை மூன்று, நான்கு, ஐந்து?"

மேசன் கரண்டியைக் கீழே வைத்தார். முப்பது வருடமாக யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படி வராவிட்டால் மூலை விரிந்து நிற்கும் ஐயா, பிறகு கூரை வைக்கும்போது ஓடு இருக்காது" என்றார். கேத்திர கணிதத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. பதில் சரி, அப்படியே பதிந்தார்கள்.

அவர் தடுமாறியது வேறு இடத்தில். செருப்போடு வந்திருந்தார். தலைக்கவசம் இல்லை. பாதுகாப்பு அலகில் கேட்ட கேள்விகளுக்கு அவரிடம் பதில் இல்லை. சாரத்தில் எத்தனை அடிக்கு மேல் என்ன கட்டவேண்டும், சீமெந்து கண்ணில் பட்டால் என்ன செய்யவேண்டும் என்று கேட்டால், "கவனமாக இருப்போம்" என்பது மட்டும் பதிலாகாது. வன்னியில் தொழில் பழகிய நம் ஆட்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் புள்ளி இழக்கிறார்கள். ஒருவரிடம் சப்பாத்தும் தலைக்கவசமும் கடன் வாங்கியாவது போட்டுக்கொண்டு போங்கள். கேட்டால் சொல்லும்படி இரண்டு நாள் படியுங்கள். சாந்துக் கலவை ஒன்றுக்கு ஐந்தா, ஒன்றுக்கு ஆறா, எந்த வேலைக்கு எது, கட்டிய பிறகு எத்தனை நாள் நீர் ஊற்றவேண்டும், ஏன் என்று வாய்திறந்து சொல்லிப் பழகுங்கள். கை அறிந்ததை வாயால் சொல்வது தனி வித்தை. வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்ப்பதுதான் நான் கண்ட நல்ல பயிற்சி. அவர்கள் "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

முடிவு "தேர்ச்சி" அல்லது "இன்னும் தேர்ச்சி இல்லை" என்று வரும். இரண்டாவது வந்தால் இடிந்துபோகவேண்டாம். எந்த அலகில் குறை என்று கேளுங்கள். சித்தியடைந்த அலகுகளுக்கு எழுத்தில் பதிவு தாருங்கள் என்றும் கேளுங்கள். குறையை மட்டும் பயின்று மறுபடி போகலாம். மேசனும் அப்படித்தான் போனார். இரண்டாவது தடவையில் மட்டம் 3 கிடைத்தது.

கல்லூரிக்கு ஏறுவது

மட்டம் 4 ஏன் முக்கியம் என்று பிறகு சொல்வதாக மேலே எழுதினேன். அதே துறையில் மட்டம் 4 இருந்தால், உயர்தரம் சித்தியடையாதவரும் மட்டம் 5 டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவனம் வாகனம், மின்சாரம், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் இந்த உயர் மட்டங்களைக் கற்பிக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் டிப்ளோமாக்கள் உண்டு. 5ஐயோ 6ஐயோ முடித்தவருக்கு இரத்மலானையில் இருக்கும் தொழிற்றொழினுட்பவியல் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புக்கு வாசல் திறக்கிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்தப் பல்கலைக்கழகம் உருவானதே இந்த ஏணிக்கு மேற்படி வைப்பதற்காகத்தான்.

மற்றொரு பக்கம் பொதுவான பல்கலைக்கழக வழி. இலங்கைத் தகைமைகள் சட்டகம் 2012இல் வெளிவந்தது. அதில் 12 படிகள் இருக்கின்றன. என்.வி.கியூ. 5 அதன் 3ஆம் படிக்கும், 6 அதன் 4ஆம் படிக்கும், 7 அதன் 5ஆம் படிக்கும் சமம். அங்கே கற்றலை கிரெடிட் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, செய்முறை, வீட்டுப் படிப்பு எல்லாம் சேர்ந்து 50 மணித்தியாலக் கற்றல்; ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட்; மூன்று வருடப் பட்டத்துக்கு 90. உங்கள் டிப்ளோமாவிலோ தொழிற்பயிற்சியிலோ ஏற்கெனவே படித்த பாடத்துக்கு விலக்கு கேட்பது என்றால், இந்த 90இல் சிலவற்றைக் குறைத்துத் தாருங்கள் என்று கேட்பதுதான்.

திறந்த பல்கலைக்கழகத்தில் இந்த விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய நிலையமும் வவுனியாவில் கற்கை நிலையமும் இருக்கின்றன. உயர்தரம் இல்லாதவர்கள் 18 வயதுக்குப் பிறகு அதன் அடிப்படைப் பாடநெறி வழியாக உள்ளே போகலாம். விலக்குக் கேட்கும்போது சான்றிதழை மட்டும் நீட்டினால் பலன் குறைவு. எந்தப் பாடம், எத்தனை மணித்தியாலம், யார் மதிப்பிட்டார், என்ன பெறுபேறு என்பதைக் காட்டும் பாடத்திட்டப் பிரதியை இணையுங்கள். கண்ணிவெடி அமைப்பிலோ திணைக்களத்திலோ தனியார் நிறுவனத்திலோ எடுத்த பயிற்சிக்கும் அந்தப் பாடத்திட்டத்தை இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் படையினருக்கு ஒரு பேரவை செய்து கொடுப்பதை இங்கே நாம் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்யவேண்டியிருக்கிறது. முடிவு அங்கே போலவே இங்கும் அந்தந்தப் பீடத்தின் கையில்தான். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் உறவினர்களிடம் போகும் எண்ணம் உள்ளவர்களும் இங்கேயே மதிப்பீட்டை முடித்துக்கொண்டு போவது நல்லது. அந்த நாடுகளிலும் முன்கற்றலை மதிப்பிடும் முறைகள் உண்டு. அங்கே முதலில் கேட்பது உங்கள் நாட்டுத் தகைமை எங்கே என்பதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தனியார் நிறுவனத்தில் பெருந்தொகை கட்டி "டிப்ளோமா" எடுத்தார்கள். தங்க நிறக் கரை போட்ட அழகான சான்றிதழ். நேர்முகத்துக்குப் போன இடத்தில் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதில் ஒருத்தியின் தாய் தோட்டை விற்றுக் காசு கட்டியவர். அன்று அந்தத் தாய் வாசலில் இருந்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை. காசு கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த நிறுவனம் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? நான் சேரும் இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. தர அங்கீகாரம் இருக்கிறதா? பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. நிறுவனத்துக்குப் பதிவு இருந்தும் நீங்கள் சேரும் பாடநெறிக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். வாய்ப்பேச்சை நம்பாமல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் யாரையாவது கொண்டு தேடிப் பாருங்கள். கைத்தொலைபேசி உள்ள எந்தப் பிள்ளையும் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். கையொப்பம் இடுவதற்கு முன் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொழில், மட்டம் ஆகிய நான்கையும் அந்த மேசையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவராமல் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். லமினேட் செய்யவேண்டாம், உறுதிப்படுத்த முத்திரை குத்தவேண்டிய இடங்களில் அது தடையாகும். நான்கு போட்டோக்கொப்பி எடுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ சகோதரத்துக்கோ அனுப்பிவிடுங்கள். ஒரு பிரதியை உங்கள் வீட்டில் வைக்காமல் வேறொரு வீட்டில் வையுங்கள்.